பம்பாயில் ஜாகை தேடினோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள் ஒருவரும் பம்பாய்க்குப் போய்க் குடக்கூலிக்கு ஜாகை தேடிப் பார்த்ததில்லை என்பது நிச்சயம். பார்த்திருந்தால் அந்தப் பழமொழியில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கும்.

சென்ற வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய் ஆபீஸில் வேலை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது. 1995-ஆம் வருஷத்திலிருந்து அந்த நகரத்துக்கு மும்பை என்று பெயர் ஏற்பட்டுவிட்டது என்பதை நான் அறியாதவன் அல்ல. ஆனால், கும்பகோணத்தில் இருக்கும் என் தாயார் இன்றும் அதைப் பம்பாய் என்றுதான் சொல்கிறாள். இந்தக் கட்டுரையில் தாயார் வாக்கையே பின்பற்றுகிறேன்.

உண்மையில், பம்பாய்க்குப் போவதா இல்லையா என்பதே தாயாரின் வாக்கைப் பொறுத்துத்தான் இருந்தது. அவளுக்கு வயது எழுபத்தாறு. என் தகப்பனார் 2021-ஆம் வருஷம் காலமானபின் அந்தப் பெரிய வீட்டில் அவள் தனியாக இருந்தாள். நாங்கள் தஞ்சாவூரிலிருந்து வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து வந்தோம். பம்பாயிலிருந்து வாரம் ஒரு முறை வந்து பார்ப்பது நடக்கிற காரியமா? "நீயும் எங்களோடு வந்துவிடு, அம்மா!" என்றேன். "முதலில் நீங்கள் இருவரும் போய் ஜாகை பார்த்துவிட்டு வாருங்கள். வருகிறதா, இல்லையா என்பதை அப்புறம் சொல்கிறேன்" என்றாள். அத்துடன் மூன்று நிபந்தனைகளையும் விதித்தாள். முழங்கால் வலிக்காரியானதால் மாடிப்படி ஏறுவது கூடாது. நடக்கிற தூரத்தில் ஒரு கோயில் இருக்க வேண்டும். காப்பி, காப்பியாக இருக்க வேண்டும்.

மே மாதம் இரண்டாவது வாரத்தில், ஏழு நாள் லீவு எடுத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் தாதர் ஸ்டேஷனில் போய் இறங்கினோம். அங்கிருந்து அடுத்த பேட்டையான மாதுங்காவில் ஒரு சிறு விடுதியில் அறை அமர்த்திக்கொண்டோம்.

பம்பாய் இவ்வளவு பெரிய பட்டணமாயிருக்க, மாதுங்காவை ஏன் பிடித்துக்கொண்டோம் என்று நேயர்கள் கேட்கலாம். தமிழனுக்குப் பம்பாயில் அதுதான் பிறந்தகம் மாதிரி. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்து ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. சந்துபொந்துகளில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்ததுதான் காரணம் என்று கருதி, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தினார்கள். தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளில் அகலமான வீதிகளும் தோட்டங்களும் மரவரிசைகளுமாக அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவானதுதான் இன்றைய மாதுங்கா. 1920-க்கும் 1940-க்கும் இடையில் அங்கே மாடிக் கட்டடங்கள் எழுந்தன. டைப் அடிக்கவும் சுருக்கெழுத்து எழுதவும் கற்றுக்கொண்டு ரயில் ஏறி வந்த தென்னாட்டு வாலிபர்கள் அவற்றில் குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1963-ல் ஷண்முகானந்தா மண்டபம் எழும்பியது. இன்றும் மாதுங்கா கடைவீதியில் வாழை இலை, கதம்பம், கறிவேப்பிலை, வறுத்து அரைத்த காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கின்றன. தாயாரின் மூன்றாவது நிபந்தனை முதல் நாளே பூர்த்தியாகிவிட்டது.

*

ஒரு பேட்டையில் குடியேறுவதற்குமுன், அங்கே மூன்று வேளையும் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் சித்தாந்தம். "வீட்டுக்காரர் பொய் சொல்லுவார், தரகர் பொய் சொல்லுவார், காலை ஏழு மணிக்கு ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களின் முகம் பொய் சொல்லாது" என்பாள். ஆகவே, ஜாகை தேடும் வேலையும் ஹோட்டல் பரீட்சையும் சேர்ந்தே நடந்தன.

மாதுங்கா ஹோட்டல்களின் கதையே ஜாகை கிடைக்காதவர்களின் கதைதான். ஊரிலிருந்து வந்த பிரமசாரி வாலிபனுக்குக் கிடைத்ததெல்லாம் ஓர் அறையில் ஒரு கட்டிலுக்கு உரிய இடம். அங்கே அடுப்பு மூட்ட முடியாது. ஆகவே அவனுக்குச் சமைத்துப் போடச் சாப்பாட்டு விடுதிகள் ஏற்பட்டன. ஸ்டேஷனுக்கு அருகே 1939-ல் ஏற்பட்டது ராம் ஆசிரயா. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் 1940-ல் தொடங்கியது கபே மெட்ராஸ். 1942-ல் ராமா நாயக் தம் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கை ஆரம்பித்தார். அந்த வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி, இதே பம்பாயில், கோவாலியா டாங்க் மைதானத்தில்தான் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. நாட்டை மீட்க ஒரு கூட்டம் புறப்பட்ட காலத்தில், வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இலை போட இவர் புறப்பட்டார் போலும்!

கபே மெட்ராஸ் வாசலில் ஒருவர் நம் பெயரை எழுதிக்கொள்கிறார். முறை வந்ததும் கூப்பிடுகிறார். 'மெட்ராஸ்' என்ற பெயரை நம்பி நான் உள்ளே போய்த் தமிழிலேயே பொழிந்து தள்ளினேன். பரிமாறுகிறவர் புன்னகை செய்தார். பிறகுதான் தெரிந்தது, அது கன்னடக் கடற்கரையிலிருந்து வந்த, கொங்கணி பேசும் காமத் குடும்பத்தாரின் ஸ்தாபனம் என்பது. உடுப்பியும் மங்களூரும் சேர்ந்து மெட்ராஸின் பெயரைப் பம்பாயில் காப்பாற்றி வருகின்றன. அங்கே கிடைக்கும் ரஸவடையை நான் வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தால் கட்டுரை நின்றுவிடும்.

ஆனால், பொதுவாக அந்த ஊர்ச் சாம்பாரில் ஒரு தித்திப்பு தட்டுகிறது. "சம்பந்தி வீட்டுச் சாம்பார் மாதிரி இருக்கிறது. குறை சொல்லவும் முடியாது, நம்முடையது என்று சொல்லவும் மனம் வராது" என்பது என் மனைவியின் தீர்ப்பு.

மறுநாள் சாயங்காலம், கிங்ஸ் சர்க்கிள் முனையில் 1932 முதல் இருந்துவரும் ஈரானியக் கடையான கூலார் கம்பெனியில் பன்னும் வெண்ணெயும் சாயாவும் ருசி பார்த்தோம். தாதர் ஸ்டேஷன் அருகே 1966-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் வடாபாவையும் விட்டு வைக்கவில்லை. உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்து, பூண்டுப் பொடியைத் தூவிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஜனங்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆகாரம் கிடையாது.

*

இனி ஜாகை விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும். 'கார்ப்பெட் ஏரியா' என்றால் கம்பளம் விரிக்கக்கூடிய இடம், அதாவது சுவர்களுக்கு உள்ளே நாம் நடமாடக்கூடிய இடம் என்று பொருள். தரகர் சொல்லும் சதுர அடிக்கணக்கில் சுவரும் மாடிப்படியும் லிப்டும் சேர்ந்திருக்கக் கூடும். ஆகையால் கம்பளக் கணக்கையே கேட்க வேண்டும். 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்பது விடுமுறை சம்பந்தப்பட்டதன்று. குடியிருக்க அளிக்கும் தற்காலிக அனுமதிப் பத்திரம். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1947-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால் பழைய வாடகைகள் அப்படியே உறைந்து போயின. குடியிருந்தவர்களை எழுப்ப முடியவில்லை. 'பகடி' என்ற பெரும் தொகையைக் கொடுத்து, அற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வீட்டுக்காரர்களோ கட்டடத்தைப் பழுது பார்ப்பதையே மறந்தார்கள். அந்தப் பயத்தினால்தான் இன்று பெரும்பாலும் பதினோரு மாதக் கணக்கில் அனுமதிப் பத்திரம் எழுதுகிறார்கள். 1999-ஆம் வருஷத்துப் புதுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி அந்தப் பத்திரத்தை எழுத்து மூலமாக்கிப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முதல் ஜாகையில் சமையலறைக்குள் நான் நுழைந்தால் என் மனைவி வெளியே வரவேண்டியிருந்தது. இரண்டாவது ஜாகை தரைத்தளத்தில் இருந்தது. மாடிப்படியே இல்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் சுவரில் இடுப்பு உயரம் வரையில் மட்டும் புதிய வர்ணம் பூசியிருந்தார்கள். "இது என்ன அலங்காரம்?" என்று காவற்காரரை விசாரித்தேன். "மழைக்காலத்தில் வந்து பாருங்கள், ஸாப்!" என்றார். 2005-ஆம் வருஷம் ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டிய ஊர் அல்லவா அது? கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பள்ளமான இடங்களில் வருஷந்தோறும் தண்ணீர் தேங்குகிறது. மூன்றாவது, பழைய பகடிக் கட்டடத்தில். மாடிப்படிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்த முட்டுக்கும் ஒரு முட்டு இருந்தது.

இப்படி எங்கே போனாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது: "நீங்கள் வெஜிடேரியனா?" நானும், பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப்போல, "சுத்த சைவம்!" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "என் தாயார் வெங்காயங்கூடச் சேர்க்கமாட்டாள். ரொம்ப ஆசாரம்" என்று ஒரு மேல்வரும்படியும் சேர்த்துக்கொண்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் வீட்டுக்காரர்களின் முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாயிருக்கிறது.

*

மூன்றாம் நாள் காலை கபே மெட்ராஸில் எங்கள் மேஜையிலேயே இன்னொரு குடும்பத்தையும் உட்கார வைத்தார்கள். இடநெருக்கடியில் அது அங்கே சகஜம். ஓர் இளைஞர், அவர் மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தை என் மனைவியின் தட்டிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதியைப் பிட்டுக் கொடுத்ததும் சிநேகிதமாகிவிட்டது. "மன்னிச்சுக்கிடுங்க, அண்ணாச்சி!" என்றார் இளைஞர். பம்பாயில் அந்த 'அண்ணாச்சி' காதில் விழுந்தபோது எனக்குண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அவருக்குத் திருநெல்வேலி மேலப்பாளையம். கட்டட எஞ்ஜினீயர். ஜாகைக்காக மூன்று வாரமாக அலைகிறாராம். "எங்களுக்கு மூன்று நாளிலேயே கால் தேய்ந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் என்ன சாப்பிடுகிறாய் என்ற கேள்விதான்" என்று நான் அலுத்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது, அண்ணாச்சி! எங்களுக்கு அதற்கப்புறம் பெயரைக் கேட்கிறார்கள். பெயரைச் சொன்ன உடனே அந்த வீடு வேறே யாருக்கோ பேசி முடிந்துபோயிருக்கும். நாங்களும் சைவமாகவே சாப்பிட்டுக்கிடுதோம் என்றுகூட ஓர் இடத்தில் சொல்லிப் பார்த்தேன். ஆனால், பெயர் சைவமாக இல்லையே!"

அவர் மனைவி குனிந்த தலை நிமிராமல் குழந்தைக்கு இட்லியைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் நம்பர்களை வாங்கிக்கொண்டு பிரிந்தோம்.

ஐந்தாம் நாள் நான்காவது ஜாகையைப் பார்த்தோம். மூன்றாவது மாடி, ஆனால் புத்தம் புதிய லிப்டு. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம் கிளைகளைப் பரப்பியிருந்தது. கோயில் மணியோசை கேட்டது. "அம்மா இந்த ஜன்னலண்டை உட்கார்ந்துகொண்டால் பொழுது போய்விடும்" என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். வாடகையும் எங்கள் சக்திக்கு உட்பட்டதுதான். நான் அட்வான்ஸ் தொகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

தரகர் உற்சாகமடைந்து, "நீங்கள் அதிர்ஷ்டசாலி. போன வாரமே உங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. எஞ்ஜினீயர், ஒரு சின்னப் பெண். முழு அட்வான்ஸும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் இந்தக் கட்டடத்து ஸொஸைட்டியில் அந்த ஜாதியாருக்குக் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைத்திருக்குமா?" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "நாளைக்குச் சொல்கிறோம்" என்று கீழே இறங்கினோம்.

அன்று மத்தியானம் ராமா நாயக் போர்டிங்கில் சாப்பாடு. என் ஒரு பக்கத்தில் ஒரு குஜராத்தி வியாபாரி. மறு பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு கல்லூரி மாணவன். யாரையும் யாரும் பெயர் கேட்கவில்லை. 1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து, கடைகளிலும் ஹோட்டல்களிலும் பொதுச் சாப்பாட்டு விடுதிகளிலும் மதம், ஜாதி, பிறந்த இடம் முதலிய காரணங்களைச் சொல்லி எவனையும் தடுக்கக்கூடாது என்று சொல்லுகிறது. ஆனால், குடக்கூலி வீட்டின் கதவைப் பற்றி அது அவ்விதம் சொல்லவில்லை. ஒரு பார்ஸி வீட்டு வசதிச் சங்கத்தின் வழக்கில், சங்கம் தன் அங்கத்தினர்களை ஒரே சமூகத்தாராக வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே மேஜையில் உட்கார்ந்து வடையைப் பங்கிட்டுக்கொண்ட எங்கள் இருவரில் ஒருவன் மட்டும் லிப்டில் ஏறலாம் என்றால், அதற்குச் சட்டத்தின் தடை ஒன்றும் இல்லை. அன்று ரஸம் தொண்டையில் இறங்கவில்லை.

ஆனாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜாகையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. "நாம் வேண்டாமென்றால் அவருக்கா கொடுக்கப் போகிறார்கள்? இன்னொருவன் வருவான். அம்மாவின் முழங்காலை யோசிக்க வேண்டாமா?" என்று என் மனைவியிடம் வாதாடினேன். "அம்மாவையே கேட்டுவிடுங்கள்" என்றாள் அவள்.

இரவு தாயாருடன் டெலிபோனில் பேசினேன். லிப்டு, மரம், மணியோசை எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, மற்ற விவரத்தைக் கடைசியில் சொன்னேன்.

"அந்தக் குழந்தைக்கு என்ன வயசு என்றாய்?" என்று கேட்டாள் தாயார்.

"நாலு, அம்மா!"

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏண்டா, நம்ம ராவுத்தர் என்னைப் பார்க்க அங்கே வந்தால் உள்ளே விடுவாளோ?" என்றாள்.

ராவுத்தர் என் தகப்பனாரின் பால்ய சிநேகிதர். 2021-ல் கொரோனாவினால் தகப்பனார் போனபோது, உறவினர்கள் தெருமுனைக்குக்கூட வர அஞ்சினார்கள். பதினைந்து நாட்கள் விடியற்காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாலும் காய்கறியும் வைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

"விருந்தாளியாக வரலாம், அம்மா! குடியிருக்கத்தான் கூடாதாம்."

"அப்படியானால் நானும் விருந்தாளியாகவே வந்துவிட்டுப் போகிறேன். குடியிருக்கிறதற்கு வேறே இடம் பார். அது கிடக்கட்டும்; என் ஆசாரத்தை நான் இங்கே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டுபோய் அங்கே கடை பரப்பச் சொன்னது யார்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லுவதற்கு இருந்தால்தானே?

*

ஏழாம் நாள், வடாலாப் பக்கம் ஓர் ஜாகை அகப்பட்டது. இரண்டாவது மாடி. லிப்டு கிடையாது. முந்தின ஜாகையைவிட ஓர் அறை குறைவு. கோயிலுக்குக் கால் மணி நடக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாள் எங்களிடம் இரண்டே கேள்விகள் கேட்டாள். "காலை ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், எழுந்து பிடிப்பீர்களா? ஐந்தாந் தேதிக்குள் வாடகை கொடுத்துவிடுவீர்களா?" பூண்டைப் பற்றியோ புலாலைப் பற்றியோ பேச்சில்லை. நான் மாடிப்படிகளை எண்ணி, முப்பத்தெட்டு என்று தாயாருக்குத் தெரிவித்தேன்.

"சுவாமிமலைக்கு அறுபது படி. மெள்ள ஏறிவிடுகிறேன். ஏறிவிட்டால் அடிக்கடி இறங்க வேண்டாமே!" என்றாள்.

உடனே மேலப்பாளையத்து நண்பரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டடத்தில் வேறு ஜாகை காலியாகுமா என்று விசாரிக்கலாம் என்றேன். ஆனால் அவர் முந்தின நாளே மும்ப்ராவில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். 1992-93 கலகங்களுக்குப் பிறகு அநேக முஸ்லிம் குடும்பங்கள் போய்க் குடியேறிய ஊர் அது. தானாவுக்கும் அப்பால் இருக்கிறது. தினந்தோறும் அத்தனை தூரம் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து போகிறார். நான் ஒரு நாள் முன்னால் தேடியிருந்தால் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

தாயார் ஜூன் மாதம் வந்து சேர்ந்தாள். மூன்று இடத்தில் நின்று, முப்பத்தெட்டுப் படிகளையும் ஏறினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மும்ப்ராவிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வந்த குழந்தையின் தலையைத் தாயார் தன் புடைவைத் தலைப்பினால் துவட்டினாள். எல்லோருக்கும் இலை போட்டோம். வெங்காயம் இல்லாத சாம்பார்தான். ஆனால் தித்திப்பு இல்லை.

ஜாகை தேடிப் புது ஊருக்குப் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் வரும் நேரத்தை விசாரியுங்கள், சுவரில் வெள்ளக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள், காப்பியைக் குடித்துப் பாருங்கள். கதவு உங்களுக்குச் சட்டென்று திறந்துகொண்டால், உங்களுக்கு முன்னால் வந்து திரும்பிப் போனவர் யார் என்பதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.